மஞ்சூருக்கு ஒரு சாவி: தொலைவில் இருக்கும் கணினிக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவது

ஒரு ஜூலை மாதம், குன்னூரில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தபடி, மஞ்சூர் பக்கம் இருக்கும் ஒரு கணினியின் கதவை வெளியிலிருந்து நானே பூட்டிக்கொண்டேன். பெரிய கணினி ஒன்றும் இல்லை, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை. நண்பர் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்து அறையில், மழைமானியையும் வெப்பமானியையும் மாட்டிக்கொண்டு இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டு நுழைவதை நிறுத்திவிட்டுச் சாவி மூலம் மட்டும் நுழைய அமைக்கலாம் என்று ஆரம்பித்தேன். பாஸ்வேர்டை நிறுத்தினேன். அடுத்த நிமிடம் அங்கே இணையம் தரும் சிம் கார்டு டாங்கிளில் சிக்னல் போனது. சிக்னல் திரும்பியபோது சாவி வேலை செய்யவில்லை. மறுநாள் காலை ஒரு பழைய மானிட்டரைச் சாக்கில் கட்டி, கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மஞ்சூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் மானிட்டருக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

இந்த வழிகாட்டி அந்த பஸ் பயணம் உங்களுக்கு வராமல் இருக்க. சாவி செய்வது ஐந்து நிமிட வேலை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கட்டளைகளை நண்பருக்குப் போனில் சொன்ன மாதிரியே, உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். நான் தனியாகச் சொல்லாதவரை எல்லாம் சிறிய எழுத்து. "கோடு" என்றால் கழித்தல் குறி. "அடிக்கோடு" என்றால் அதே விசையில் ஷிஃப்ட் அழுத்தினால் கீழே ஒட்டி வரும் கோடு. "நெளி" என்றால் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையில் ஷிஃப்டோடு வரும் வளைந்த குறி. அதற்கு "என் சொந்த ஃபோல்டர்" என்று அர்த்தம்.

சாவி என்றால் என்ன சாவி?

பாஸ்வேர்டு என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த ரகசியம். நீங்கள் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் சரிபார்க்க வேண்டும். சொல்லச் சொல்லத் தேயும். மஞ்சூர் அறையில் அந்தக் கணினியின் பாஸ்வேர்டு தினசரிக் காலண்டரின் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. இலை எடை போட வருபவர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

சாவி முறையில் ஒரு ஜோடி உருவாகிறது: ஒன்று பொதுச் சாவி, மற்றது தனிச் சாவி. இதைப் பூட்டும் சாவியும் போல என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை; கேட்பவர் "அப்போ பூட்டை ஏன் சாவி என்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் இல்லை. கூட்டுறவு வங்கியில் கணக்கு தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, அதுதான் பொருந்தும். பொதுச் சாவி அந்த மாதிரி அட்டை. தனிச் சாவி உங்கள் கை. அட்டையை அந்தப் பக்கத்துக் கணினியில் வைத்துவிடுகிறீர்கள். நுழையும்போது கையெழுத்துப் போடுகிறீர்கள், அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. வங்கிக் கையெழுத்தைப் பார்த்துப் பழகிப் போலி போட்டுவிடலாம், இங்கே முடியாது. மாதிரி கையில் இருந்தால் சரிபார்க்கத்தான் முடியும், கையெழுத்துப் போட முடியாது. அதுவும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு இணைப்புக்கென்றே பிறக்கும் ஒரு எண்ணின் மேல் போடும் கையெழுத்து. நேற்றையதைத் திருடி வைத்திருந்தாலும் இன்று செல்லாது. கை வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

இப்படி இரண்டாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்டார்கள். தொலைவில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய நாம் பயன்படுத்தப்போகும் எஸ்எஸ்எச் வந்தது 1995-இல். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போனபிறகு, அங்கே இருந்த டாட்டு இலோனன் எழுதியது. இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஓபன்எஸ்எஸ்எச்; ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் 1999-இல் இருந்து பராமரிக்கும் இலவச மென்பொருள்.

முதலில் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்

மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு அமைக்கத் தொடங்காதீர்கள். கணினி உங்கள் வீட்டு வைஃபையில், உங்கள் மேஜையில் இருக்கும்போதே முழுவதையும் முடித்துவிடுங்கள். நான் செய்யாதது இதுதான்.

சிம் கார்டு டாங்கிளில் இணையம் வாங்கும் கணினியை வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மொபைல் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அதற்கு டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற ஒன்றை இரண்டு பக்கமும் போட்டு, இரண்டு கணினிகளும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது போலச் செய்துகொள்ள வேண்டும். அது தனிக் கதை. சாவி அமைப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

உங்களுக்குத் தேவையானவை மூன்று: அந்தக் கணினியில் எஸ்எஸ்எச் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதில் உங்கள் பயனர் பெயர், அதன் முகவரி. ராஸ்பெரி பை என்றால் கார்டில் இயங்குதளம் ஏற்றும்போதே இமேஜர் மென்பொருள் இதையெல்லாம் கேட்டுவிடும். 2022 ஏப்ரலில் இருந்து "பை" என்ற பழைய பயனர் பெயர் தானாக வருவதில்லை, நீங்களே ஒன்று வைக்க வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு "பை" என்று தட்டிக்கொண்டே இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகவரி தெரியவில்லை என்றால் அந்தக் கணினியில் "ஹோஸ்ட்நேம்", இடைவெளி, கோடு, பெரிய எழுத்து ஐ. அவ்வளவுதான்.

உங்கள் பக்கம் லினக்ஸ் அல்லது மேக் என்றால் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறந்தால் போதும். விண்டோஸ் 10-இலும் 2018-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் எஸ்எஸ்எச் கூடவே வருகிறது, பவர்ஷெல்லைத் திறங்கள். தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு போட்டு ஒரு முறை உள்ளே போங்கள்

எஸ்எஸ்எச், இடைவெளி, பயனர் பெயர், அட் குறி, முகவரி. இப்படி:

எஸ்எஸ்எச் தோட்டம்@192.168.1.40

முதல் முறை போகும்போது, இந்தக் கணினி யாரென்று எனக்குத் தெரியாது, தொடரலாமா என்று கேட்டு, அந்தக் கணினியின் அடையாளமான ஒரு நீளமான எழுத்துக் கோவையை, அதன் கைரேகையைக் காட்டும். எல்லோரும் படிக்காமல் "யெஸ்" தட்டுவார்கள். மேஜையில் இருக்கும் கணினி என்றால் நானும் அப்படித்தான். ஆனால் வாடகைக்கு எடுத்த சர்வர், வெளி நெட்வொர்க் என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கணினியின் முன்னால் இருப்பவர் இதைத் தட்டினால் அதே கைரேகை வரும்:

எஸ்எஸ்எச்-கீஜென் -எல் -எஃப் /ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_ஈடி25519_கீ.பப்

முழுவதையும் ஒப்பிடப் பொறுமை இல்லாவிட்டால், அங்கிருந்து வாங்கிய கைரேகையை "யெஸ்" தட்டும் இடத்திலேயே ஒட்டிவிடலாம். பொருந்தினால் மட்டும் உள்ளே விடும். "ஒய்" என்று ஒற்றை எழுத்து தட்டினால் ஒப்புக்கொள்ளாது, முழுச் சொல் வேண்டும்.

பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தட்டி முடித்து என்டர் கொடுங்கள். உள்ளே போய்விட்டால் "எக்ஸிட்" கொடுத்து வெளியே வாருங்கள். அடுத்த வேலை உங்கள் கணினியில்.

சாவி செய்வது

நண்பரிடம் போனில் சொன்னேன்.

"எஸ் எஸ் எச். இடைவெளி இல்லாமல் கோடு. கே இ ஒய் ஜி இ என்."

"சொல்லுங்ணா, போட்டாச்சு."

"இடைவெளி. கோடு டி. இடைவெளி. இ டி, அதோடு ஒட்டி 25519."

"எங்க ஊர் பின்கோடு மாதிரி இருக்குதுங்ணா."

"ஒரு எண் கம்மி. சரி, அப்புறம் இடைவெளி, கோடு, பெரிய எழுத்து சி, இடைவெளி, உங்க லேப்டாப்புக்கு ஒரு பெயர்."

எழுத்தில் பார்த்தால்:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 -சி மஞ்சூர்-லேப்டாப்

ஈடி25519 என்பது சாவியின் வகை. ஓபன்எஸ்எஸ்எச்சில் 2014-இல் வந்தது, 2023-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் வகை சொல்லாமல் விட்டாலும் இதையே செய்யும். பழைய குறிப்புகளில் ஆர்எஸ்ஏ என்று இருக்கும். அதுவும் கெட்டதல்ல, மிக நீளம், அவ்வளவுதான். டிஎஸ்ஏ என்ற பழைய வகையை எங்காவது கண்டால் அந்தக் குறிப்பையே மூடி வைத்துவிடுங்கள்.

பெரிய எழுத்து சி-க்குப் பின்னால் போட்ட பெயர் வெறும் குறிப்பு. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து எந்தச் சாவி யாருடையது என்று தேடும்போது அதுதான் கைகொடுக்கும். போடுங்கள்.

எங்கே சேமிப்பது என்று கேட்கும், என்டர் கொடுங்கள். "ஏற்கெனவே இருக்கிறது, மேலே எழுதவா?" என்று கேட்டால் மட்டும் நின்று யோசியுங்கள். எழுதினால் பழைய சாவி போய்விடும், அதை வைத்துத் திறந்த கதவுகளும் கூடவே போய்விடும். அடுத்து பாஸ்ஃப்ரேஸ் கேட்கும். அது தனிச் சாவியின் மேல் போடும் உறை. லேப்டாப் தொலைந்தாலும் எடுத்தவருக்குச் சாவி பயன்படாது. காலியாக விடலாம், ஆனால் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் லேப்டாப் பையை மறந்துவிட்டு வந்த அனுபவம் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன், போட்டுவிடுங்கள். நான்கைந்து சொற்கள், உங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத வரிசையில். ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியிருக்குமே என்றால், "எஸ்எஸ்எச்-ஆட்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. காலையில் ஒரு முறை பாஸ்ஃப்ரேஸ் சொன்னால் அன்று முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும். விண்டோஸில் மட்டும், சேவைகள் பட்டியலில் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை முதலில் இயக்கி வைக்க வேண்டும்.

இப்போது நெளி, சாய்கோடு, புள்ளி எஸ்எஸ்எச் என்ற ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். "ஐடி அடிக்கோடு ஈடி25519" என்பது தனிச் சாவி. அதே பெயரோடு "புள்ளி பப்" சேர்ந்தது பொதுச் சாவி. பெயர்கள் இவ்வளவு ஒட்டியிருப்பது இதைச் செய்தவர்கள் நமக்கு வைத்த கண்ணி என்றே எனக்குப் படுகிறது. நண்பர் "சாவியை அனுப்பிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திறந்தால் முதல் வரியிலேயே "பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ" என்று இருந்தது. மாதிரி அட்டையைக் கேட்டால் கையை வெட்டி அனுப்பியிருக்கிறார். அந்த ஜோடியை அப்படியே அழித்துவிட்டு வேறு செய்யச் சொன்னேன். பொதுச் சாவி ஒரே வரிதான்: "எஸ்எஸ்எச்-ஈடி25519" என்று தொடங்கி, நடுவில் 68 எழுத்துக் குழப்பம், கடைசியில் நீங்கள் வைத்த பெயர். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பல வரிகளாக இருந்தால் அனுப்பாதீர்கள்.

அட்டையை அங்கே வைப்பது

லினக்ஸ், மேக் என்றால் ஒரே கட்டளை:

எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி தோட்டம்@192.168.1.40

பாஸ்வேர்டு கேட்கும், சொன்னால் பொதுச் சாவியை எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, ஃபைல் அனுமதிகளையும் சரிசெய்துவிட்டு, ஒரு சாவி சேர்ந்தது என்று சொல்லும். இது இருக்கும் இடத்தில் கையால் செய்ய முயலாதீர்கள்.

விண்டோஸில் அது இல்லை. கையால்தான் செய்ய வேண்டும். புள்ளி பப் ஃபைலை நோட்பேடில் திறந்து அந்த ஒரு வரியைக் காப்பி எடுங்கள். பாஸ்வேர்டு போட்டு அந்தக் கணினிக்குள் போங்கள். உள்ளே:

எம்கேடிஐஆர் -பி ~/.எஸ்எஸ்எச்

நானோ ~/.எஸ்எஸ்எச்/ஆத்தரைஸ்டு_கீஸ்

முதலாவது ஃபோல்டரை உருவாக்கும். இரண்டாவது ஃபைலைத் திறக்கும். வரியை ஒட்டி, கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ்.

அந்த ஃபைலின் பெயரில் கொஞ்சம் நில்லுங்கள். ஆத்தரைஸ்டு என்பதில் எஸ் அல்ல, இசட். ஏ யு டி எச் ஓ ஆர் ஐ இசட் இ டி, அடிக்கோடு, கே இ ஒய் எஸ். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், கை தானாக எஸ் போட்டுவிடும். போட்டால் எந்தப் பிழையும் காட்டாது. எஸ் போட்ட ஃபைல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், எஸ்எஸ்எச் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மஞ்சூரில் மானிட்டரை மாட்டிப் பார்த்தபோது நான் கண்டது அந்த எஸ்ஸைத்தான். ஒரு எழுத்துக்காக எத்தனை கொண்டை ஊசி வளைவு!

பிறகு அனுமதிகள்:

சிஎச்மாட் 700 ~/.எஸ்எஸ்எச்

சிஎச்மாட் 600 ~/.எஸ்எஸ்எச்/ஆத்தரைஸ்டு_கீஸ்

ஃபோல்டரையும் ஃபைலையும் உங்களைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். மற்றவர் எழுத முடிகிற இடத்தில் அட்டை இருந்தால் எஸ்எஸ்எச் அதை நம்பாது. நம்பாததும் நியாயம்தான், யார் வேண்டுமானாலும் தங்கள் அட்டையைச் செருகிவிடலாமே.

புது ஜன்னலில் சோதியுங்கள்

இப்போது உள்ளே இருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து அதிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டால் சாவி வேலை செய்கிறது.

ஏதோ ஒன்றைக் கேட்கிறது என்றால், என்ன கேட்கிறது என்று படியுங்கள். "என்டர் பாஸ்ஃப்ரேஸ் ஃபார் கீ" என்றால் கேட்பது உங்கள் சொந்தக் கணினி. உறையைப் பிரிக்கச் சொல்கிறது, எல்லாம் சரி. பயனர் பெயரும் முகவரியும் போட்டு "பாஸ்வேர்டு" என்று கேட்டால் கேட்பது அந்தப் பக்கம், சாவி ஏற்கப்படவில்லை. புதியவர்கள் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வேலை செய்யும் சாவியை அழித்துவிட்டு மறுபடி செய்வார்கள்.

ஏற்கப்படவில்லை என்றால் நான் பார்க்கும் வரிசை இது. பயனர் பெயர் சரியா? ஒருவருக்கு வைத்த அட்டை இன்னொருவருக்கு உதவாது. ஃபைல் பெயரில் இசட் இருக்கிறதா? ஒட்டிய வரி நடுவில் உடைந்து இரண்டாகிவிட்டதா? அனுமதி 700, 600 தானா? உங்கள் சொந்த ஃபோல்டரையே மற்றவர்கள் எழுதும்படி யாராவது திறந்து வைத்திருந்தாலும் மறுத்துவிடும், இதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அப்போது உங்கள் பக்கம் எஸ்எஸ்எச், இடைவெளி, கோடு, சிறிய எழுத்து வி போட்டு நுழையுங்கள். ஒவ்வொரு அடியையும் சொல்லிக்கொண்டே போகும். "ஆஃபரிங் பப்ளிக் கீ" என்ற வரிக்குப் பின்னால் "சர்வர் அக்செப்ட்ஸ் கீ" வருகிறதா என்று பாருங்கள். முதல் வரியே இல்லை என்றால் தவறு உங்கள் பக்கம். முதலாவது வந்து இரண்டாவது வரவில்லை என்றால் அந்தப் பக்கம். அங்கே காரணம் இந்தக் கட்டளையில் கிடைக்கும் ("சூடோ" என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம்):

சூடோ ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்எச்

"பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று ஒரு வரி இருந்தால் அனுமதிதான் தப்பு, எந்த ஃபோல்டர் என்பதும் அதிலேயே இருக்கும்.

இன்னொரு சாவி

பாஸ்வேர்டை நிறுத்தும் முன் இரண்டாவது சாவி ஒன்றைச் சேருங்கள். வீட்டு மேஜைக் கணினியிலோ, ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியை ஏற்றியோ, அங்கேயே புதிதாக ஒரு ஜோடி செய்து, அதன் பொதுச் சாவியை அதே ஃபைலில் அடுத்த வரியாக ஒட்டுங்கள். தனிச் சாவியைப் பென்டிரைவில் எடுத்து இங்கும் அங்கும் நகலெடுக்க வேண்டாம். ஒரு கருவிக்கு ஒரு சாவி என்று இருந்தால், போன் தொலைந்த அன்று அந்த ஒரு வரியை மட்டும் அழித்தால் போதும்.

பாஸ்வேர்டை நிறுத்துவது

இரண்டு சாவியும் புது ஜன்னலில் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தபிறகு மட்டும் இங்கே வாருங்கள்.

உள்ளே போய், டீமக்ஸ் என்ற சின்ன மென்பொருளை ஏற்றிக்கொள்ளுங்கள். டெர்மினலை அந்தப் பக்கத்திலேயே உயிரோடு வைத்திருக்கும், நடுவில் சிக்னல் போனாலும் உள்ளே ஓடும் வேலை நிற்காது. மஞ்சூர் இருக்கும் குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிற இடம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஜூலை, ஆகஸ்டில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். அந்த ஊருக்கு டீமக்ஸ் இல்லாமல் நான் இப்போது எதையும் தொடுவதில்லை.

டீமக்ஸ் என்று தட்டி உள்ளே போய், "சூடோ", இடைவெளி, கோடு, சிறிய எழுத்து ஐ. பிறகு முதலில் பாதுகாப்பு வலை. இதை ஒரே வரியாகத் தட்டுங்கள்:

ஸ்லீப் 600; ஆர்எம் /ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி/10-கீ.கான்ஃப்; சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச்

10 நிமிடம் தூங்கிவிட்டு, நாம் இனிமேல் எழுதப்போகும் ஃபைலை அழித்து, எஸ்எஸ்எச்சைப் பழையபடி திருப்பிவிடும். நாம் வெளியே மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் கதவு தானாகத் திறக்கும். எல்லாம் சரியாக நடந்தால் இந்த ஜன்னலுக்கு வந்து கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்திவிடலாம்.

இன்னொரு ஜன்னலில் உள்ளே போய் அந்த ஃபைலை எழுதுங்கள்:

சூடோ நானோ /ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி/10-கீ.கான்ஃப்

அதில் மூன்று வரி. "பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் நோ", "கேபிடி இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷன் நோ", "பெர்மிட் ரூட் லாகின் நோ". ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மட்டும் இடைவெளி, மீதியெல்லாம் சேர்ந்தே எழுத வேண்டும். ஃபைல் பெயரில் 10 எதற்கு என்றால், எஸ்எஸ்எச் ஒரு விஷயத்தை முதன்முதலில் எங்கே படிக்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். வாடகை உபுண்டு சர்வர்களில் 50-இல் தொடங்கும் ஒரு ஃபைல் சில நேரம் பாஸ்வேர்டைத் திறந்தே வைத்திருக்கும். நாம் 99 என்று பெயர் வைத்தால் அது ஜெயித்துவிடும். கடைசியில் சொன்னதுதான் செல்லும் என்று நினைத்துப் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்.

எழுதியதும் "சூடோ எஸ்எஸ்எச்டி", இடைவெளி, கோடு, சிறிய எழுத்து டி. பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி. பிறகு "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச்". ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல்கள் இதனால் அறுந்துபோகாது. அதனால்தான் அவற்றை மூட வேண்டாம் என்கிறேன்.

மூன்றாவது ஜன்னலில் சாவியோடு நுழைந்து பாருங்கள். நுழைந்ததா? இன்னும் ஒன்று, சாவியை வேண்டுமென்றே விட்டுவிட்டுத் தட்டுங்கள்:

எஸ்எஸ்எச் -ஓ பப்கீஆத்தென்டிகேஷன்=நோ தோட்டம்@192.168.1.40

பாஸ்வேர்டு கேட்காமலே "பெர்மிஷன் டினைடு" என்று முகத்தில் அடித்தால் வேலை முடிந்தது. பாஸ்வேர்டு கேட்டால் வேறு ஏதோ ஃபைல் உங்களை மீறிக்கொண்டிருக்கிறது. முடிந்தது என்றால் டீமக்ஸ் ஜன்னலுக்குப் போய் 10 நிமிடம் ஆவதற்குள் கன்ட்ரோல் சி. நான் ஒரு முறை அதை மறந்து டீ போடப் போய்விட்டேன், வந்து பார்த்தால் பாஸ்வேர்டு மறுபடி திறந்திருந்தது. மறுபடி எழுதினேன், பஸ் ஏறுவதற்கு அது தேவலை.

ஒரு செல்லப் பெயர்

உங்கள் கணினியில், அதே புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டரில், "கான்ஃபிக்" என்று ஒரு ஃபைல். அதில் "ஹோஸ்ட் மஞ்சூர்" என்று ஒரு வரி. அடுத்த வரிகளில் "ஹோஸ்ட்நேம்" என்று முகவரி, "யூசர்" என்று பயனர் பெயர், "சர்வர் அலைவ் இன்டர்வல்" என்று சேர்த்து எழுதி 30. இனி "எஸ்எஸ்எச் மஞ்சூர்" என்றால் போதும். அந்த 30, அரை நிமிடத்துக்கு ஒரு தரம் "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு. டாங்கிள் இணைப்பில் இது இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே ஜன்னல் உறைந்துபோகும். உறைந்துபோனால் என்டர், நெளி, புள்ளி என்று வரிசையாகத் தட்டுங்கள், விட்டுவிடும்.

கார்டு மாற்றிய அன்று

கரண்டு போய்ப் போய் வந்தால் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு ஒரு நாள் செத்துவிடும். மலையில் இது சகஜம். புது கார்டில் இயங்குதளம் ஏற்றி மாட்டியதும், உங்கள் பக்கம் பெரிய எழுத்தில், அந்தக் கணினியின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்று மிரட்டும். கைரேகை கார்டில் இருந்தது, கார்டு மாறியதால் கைரேகையும் மாறியது. கார்டு மாற்றியது நீங்கள்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பழையதை மறக்கச் சொல்லுங்கள், ஆர் பெரிய எழுத்து:

எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் 192.168.1.40

மாற்றவே இல்லை, ஆனாலும் மிரட்டுகிறது என்றால் இந்தக் கட்டளையைத் தட்டாதீர்கள். அங்கே இருப்பவருக்குப் போன் போட்டு, "கார்டைக் கழற்றினீங்களா?" என்று முதலில் கேளுங்கள்.

புது கார்டு ஏற்றும்போது இமேஜர், பொதுச் சாவியை அப்போதே ஒட்ட ஓர் இடம் தரும். அங்கே ஒட்டிவிட்டால் முதல் நாளில் இருந்தே சாவிதான், பாஸ்வேர்டு கட்டமே வராது. மஞ்சூர் அறையில் காலண்டர் அட்டையில் எழுதியிருந்ததைக் கிழிக்கச் சொன்னேன். நண்பர் கிழிக்கவில்லை, அதன் மேலேயே அந்த மாதத்து இலைக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்.